மாமனார் மாமியாருக்கு நான் மும்பை சுற்றிக் காட்டிய அழகு

ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவனிடம் வழி கேட்கலாம். எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்காது என்று கேட்கலாம். எந்த ஹோட்டலில் தங்கினால் நல்லது என்று மட்டும் கேட்கவே கூடாது. சொந்த ஊரில் எவன் ஹோட்டலில் தங்கியிருக்கிறான்? விமான நிலையத்தைப் பற்றியும் கேட்கக் கூடாது. நான் வேலை பார்க்கும் குர்லாவில் நாள் முழுக்க விமானங்கள் தலையை உரசுகிற மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இந்தச் சம்பவம் நடந்த சமயத்தில் நான் விமானத்தில் ஏறியது மொத்தமே இரண்டு தடவைதான். ஒன்று என் கல்யாணத்துக்குப் போனது. இன்னொன்று அங்கிருந்து திரும்பி வந்தது.

இந்த உண்மையை என் மாமியாரிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை முறுக்கு இன்னும் இறங்கவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் ஆள். முலுண்டிலிருந்து கொலாபா வரைக்கும் நான் ஏறாத கட்டிடம் இல்லை. (எல்லாம் படிக்கட்டு வழியாகத்தான். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?) அதனால் மும்பை முழுவதும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை ஐந்து மாதமாக போனில் பாளையங்கோட்டையில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அனுப்பாமல் வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம். எங்கள் வீடு தாராவியில் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் என் பெரியப்பா எழுதிக் கொடுத்த ஜாதகமில்லாத ஜாதகத்தில் (நாங்கள் கிறிஸ்தவர்கள், பயோடேட்டா என்போம்) 'மும்பை, சயான்' என்று போட்டிருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. சயான் ஸ்டேஷனில் இறங்கித்தான் எங்கள் வீட்டுக்கு நடக்க வேண்டும். பெண் வீட்டாரும் அதற்கு மேல் தோண்டவில்லை. கல்யாணம் முடிந்து வந்த ஜெபா, வாசலில் நின்று ஏணியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "இதுலயா ஏறணும்?" என்று கேட்டாள். ஏறினாள். மறுநாளிலிருந்து கையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறினாள்.

ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஒரு பெல்ட் பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. ஒரு பக்கம் சமையல் மேடை, ஒரு மூலையில் தனிக் குளியலறை. (எங்கள் சந்தில் இது பெரிய வசதி.) மேலே போவதற்கு வெளிப்பக்கம் ஒரு இரும்பு ஏணி. படிக்கட்டு என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அது ஒரு சாண் அகலப் படிகளை வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கும். பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு தொங்கும். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவன் கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு ஏறுகிறான் என்பதை என் மாமியார் பார்த்துவிடக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. சென்னையில் ஜெபாவின் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதை முடித்துக்கொண்டு அத்தையும் மாமாவும் அங்கிருந்தே விமானத்தில் மும்பைக்கு வந்து, சனி ஞாயிறு இரண்டு நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

"ஒங்க வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்லா மாப்ள" என்றார் அத்தை.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாங்க அத்தை."

"ரெண்டு மாசம் கழிச்சில்லா வாறோம்."

"அப்பத்தான் அத்தை அடிக்கப் போறாங்க."

போனை வைத்ததும் ஜெபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். தாராவின்னா என்ன, கொன்னா போட்ருவாங்க?" என்றாள். நான் அவளுக்கு உலக அனுபவம் போதாது என்றேன். உன் அப்பா இந்த ஏணியில் ஏறுவாரா என்று கேட்டேன்.  மாமா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வை முழுமையாகப் பெற்றவர். அவர் சோபாவிலிருந்து எழுந்திருப்பதே இரண்டு தவணையில்தான் நடக்கும்.

ஆக, வீட்டில் பெயிண்ட். அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே தூங்குவோம்? பொய்யில் இதுதான் தொல்லை, அது தனியாக வராது. செம்பூரில் ஒரு ஹோட்டலில் எங்களுக்கும் சேர்த்து இரண்டு அறை போடுவதென்று தீர்மானித்தேன்.

ஹோட்டல் தேர்ந்தெடுப்பதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில், நின்றுபோன லிஃப்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, போனில் முன்பின் தெரியாத மனிதர்களின் கருத்துகளைப் படித்தேன். 'நல்ல இடம், பல்லி மட்டும் கொஞ்சம் அதிகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'வெந்நீர் உண்டு, கேட்டால் வரும், நாங்கள் கேட்கவில்லை' என்று இன்னொருவர். கடைசியாக ஒரு ஹோட்டலைப் பிடித்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கம், கீழேயே இட்லி கிடைக்கும், லிஃப்ட் இருந்தது. (படத்தில் கதவைப் பார்த்தே எந்த வருஷத்து மாடல் என்று சொல்லிவிட்டேன்.) அடியில் பொடி எழுத்தில் ஏழெட்டு வரி இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

விமான டிக்கெட்டையும் நானே போட்டேன். காலை எட்டு மணி சுமாருக்கு இறங்குகிற ஒரு விமானம் கண்ணில் பட்டது. 'மும்பை' என்று போட்டிருந்தது. அழுத்தினேன். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்தாவது நிமிடம் அத்தை கூப்பிட்டார்.

அத்தை திருநெல்வேலி ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் இருந்தவர். பணியில் இருந்த காலம் முழுக்க ஊர்களை அவர் பெயராகப் பார்த்ததே இல்லை, எழுத்துக் குறியாகத்தான் பார்த்தார்.

"மாப்ள, பம்பாய்க்கு வேற கோடுல்லா? சென்னைல பக்கத்து வீட்டுக்காரவ டிக்கெட்ல வேற மாதிரி போட்ருந்துச்சு. இதுல என்னமோ 'என்'னுல ஆரம்பிக்கி."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "அத்தை, அது ரயிலு, இது ஃப்ளைட்டு. ஃப்ளைட்ல கம்பெனிக்கு ஒரு கோடு போடுவான். எல்லாம் ஒண்ணுதான்."

"அப்படியா மாப்ள?"

"நான் இங்கேயே பொறந்தவன் அத்தை."



அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கே நானும் ஜெபாவும் விமான நிலையத்தில் முதலாம் டெர்மினல் வாசலில் நின்றோம். நான் நீலச் சட்டை போட்டிருந்தேன், இஸ்திரி போட்டது. எட்டேகால் மணிக்கு அத்தை கூப்பிட்டார்.

"வெளிய வந்துட்டோம் மாப்ள. ஒங்களத்தான் தேடுதோம்."

"கேட்டுக்கு நேரா நிக்கேன் அத்தை. நீலச் சட்டை."

"நாங்களும் கேட்டுக்கு நேராத்தான் நிக்கோம். நீலச் சட்டைல நாலு பேரு நிக்காங்க. நீங்க இல்ல."

"கையத் தூக்குதேன், பாருங்க."

கையைத் தூக்கினேன். மூன்று டாக்ஸிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என் பெட்டி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

"தெரியல மாப்ள. மாமாவும் கையத் தூக்கிட்டுத்தான் நிக்காவ. தெரியுதா?"

தெரியவில்லை. "அத்தை, ஒங்களுக்கு முன்னால என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

"பெரிய பெரிய தூணு. தாமரப்பூ விரிஞ்ச மாதிரி ரொம்ப அழகா கட்டியிருக்கான்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். "அத்தை, அது தாமரை இல்ல, மயில்தோகை. நீங்க ரெண்டாம் டெர்மினல்ல இறங்கிட்டீங்க. அங்கதான் அந்த டிசைன். அப்படியே நில்லுங்க, வந்துட்டோம்."

"தாமரக்கும் மயிலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா மாப்ள?"

"வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அப்படித்தான் தோணும் அத்தை."

ஆட்டோவில் போகும்போது ஜெபா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா தாமரன்னு சொன்னா அது தாமரதான்."

"அரே, நீ சும்மா இரு."

இரண்டாம் டெர்மினலில் மயில்தோகை இருந்தது. அத்தை இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினேன். கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை முதுகுப்பக்கமாகப் பார்த்து, "மாமா!" என்று கூவி, பெரியவரின் பெட்டியைக் கையிலேயே வாங்கிவிட்டேன். அவர் அதை விடவில்லை. இரண்டு பேரும் சற்று நேரம் அதை இழுத்தோம். போலீஸ்காரர் ஒருவர் எங்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் நான் விட்டேன்.

மறுபடி போன். சூடு எனக்கு ஏறிவிட்டது. "அத்தை, நீங்க நகர்ந்துட்டீங்க போல. நான்தான் அப்படியே நில்லுங்கன்னு சொன்னேன்ல?"

"நாங்க ஒரு அடி நகரல. மாமா பெட்டி மேல உக்காந்துட்டாவ. இருங்க, இங்க ஒரு அம்மா பெருக்கிட்டு இருக்காங்க, அவங்ககிட்ட குடுக்கேன்."

ஒரு பெண் குரல் வந்தது. பொறுமையான மராத்திக் குரல். "தாதா, ஹே நவி மும்பை ஆஹே."

'அண்ணா, இது நவி மும்பை' என்கிறார். கடல் தாண்டி, நெருளும் தாண்டி, அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த விமான நிலையம். அது திறந்த செய்தியை நான் படித்திருந்தேன். நம் ஊருக்கு இனி இரண்டு விமான நிலையம் என்று குர்லாவில் எல்லாரிடமும் பெருமையாகப் பேசியும் இருந்தேன். டிக்கெட் போடும்போது மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை. 'என்'னில் ஆரம்பிக்கிற கோடு.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஜெபாவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் காலைல காப்பிகூடக் குடிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லி, அந்தக் கண்ணீரோடேயே அழவும் ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"அத்தை, ஒரு மணி நேரத்துல வந்துருவேன்" என்றேன் போனில். வழியில் ஏற்படும் நெரிசலை நினைத்தால் ஒன்றரை, இரண்டு.

"நீங்க இங்க வந்து எங்களக் கூட்டிட்டு மறுபடி போறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும் மாப்ள. ஹோட்டல் எங்கன்னு அனுப்புங்க, நாங்களே வாறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் குறுக வைத்தது.

எங்கள் டாக்ஸி குர்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தின் மேல் நின்றது. நின்றே இருந்தது. கீழே என் ஆபீஸ் கூரை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் செம்பூர் ஹோட்டலுக்குள் நுழைந்தபோது மாமாவும் அத்தையும் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா மடியில் ஒரு பொட்டலம். கருப்பட்டி மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க" என்றார், அவர்தான் இந்த ஊர்க்காரர் மாதிரி. "கடலுக்கு மேல பாலத்துல வந்தோம். ரெண்டு பக்கமும் தண்ணி. அருமையான ஊரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு கவுண்டருக்குப் போனேன். ஆதார் அட்டையை நீட்டினேன். ரிசப்ஷனில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர், சத்தமான குரல். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகம் வாடியது.

"சாப், லோக்கல் ஐடி நஹி சலேகா."

உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கொடுக்க மாட்டார்களாம். அந்தப் பொடி எழுத்தில் நாலாவது வரி அதுதான். நான் குனிந்து, மெதுவாக, வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, குடும்பத்தோடு வந்திருக்கிறோம் என்று இந்தியில் கெஞ்சினேன். நான் மெதுவாகப் பேசப் பேச அவர் இன்னும் சத்தமாகப் பேசினார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, மாணவன் பாடம் படிப்பதுபோல என் முகவரியைப் படித்தார். அறை எண். சந்தின் பெயர். பெல்ட் பட்டறைக்கு மேலே என்று அடையாளம். கடைசியில், தெளிவாக, "தாராவி. ஏ தோ ஏக்தம் லோக்கல் ஹை, சாப்."

இதோ இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற தாராவி. இதைவிட உள்ளூர் இருக்க முடியாது.

அத்தைக்கு இந்தி தெரியும். ரயில்வேயில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். தெரியாவிட்டாலும் 'தாராவி' என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மிட்டாய் கடிக்கும் சத்தம் நின்றதை மட்டும் கேட்டேன்.

அப்போதும் நான் விட்டேனா? மாமாவின் அட்டையைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றேன். புக்கிங் என் பெயரில் இருக்கிறது, அதை ரத்து செய்துவிட்டு மாமா பெயரில் புதிதாகப் போடுங்கள் என்றார் அவர். நான் அங்கேயே நின்று, போனில், படபடவென்று இரண்டு அறையையும் ரத்து செய்தேன். புதிதாகப் போடப் போனேன். 'அறைகள் காலி இல்லை' என்றது. யாரோ ஒரு கல்யாண கோஷ்டிக்காரர், நான் விட்ட அந்த அரை நிமிடத்துக்காகவே காத்திருந்தவர்போல, இரண்டையும் எடுத்துவிட்டார். என் விரலால் நானே என்னை ஹோட்டலிலிருந்து வெளியேற்றியிருந்தேன்.

ரிசப்ஷன்காரர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அத்தை எழுந்தார். "ஏட்டி ஜெபா, ஒங்க வீட்டுக்கு இங்கருந்து எவ்வளவு நேரம்?"

"இருவது நிமிஷம்மா."

"அத்தை, பெயிண்ட்..." என்றேன். இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முகவரியை வாசித்தாகிவிட்டது, அப்போதும் பெயிண்டை நான் விடவில்லை.

"பெயிண்ட் என்னை ஒண்ணும் செய்யாது மாப்ள. பெட்டிய எடுங்க."

 டாக்ஸியில் போகும் வழியில் மாமா ஒரு கடைப் பலகையைப் பார்த்து, "இங்க நம்ம நாசரேத் பக்கத்து ஆளு பேரு மாதிரி இருக்கே" என்றார். பக்கத்திலேயே இன்னும் நாலு பலகை அப்படித்தான் இருந்தது. சந்துக்குள் நுழைந்ததும் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் திருநெல்வேலித் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை நடையைச் சற்றுத் தளர்த்தி, அந்தச் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

பிறகு ஏணி.

அத்தை சேலையை இழுத்துச் செருகினார், கயிற்றைப் பிடித்தார், ஏறிப் போய்விட்டார். மாமா அண்ணாந்து பார்த்தார். "நான் ஒரு காலத்துல கம்பத்துல ஏறுவேன்" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டு முதல் படியில் கால் வைத்தார். ஆறாவது படி வரைக்கும் நன்றாகத்தான் போனார். ஏழில் நின்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்."

உட்கார்ந்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் கீழிருந்து தாங்கிப் பிடித்தேன். அத்தை மேலிருந்து கையை நீட்டினார். பெல்ட் பட்டறையில் வேலை நின்றது. மொத்தச் சந்தும் கூடி, தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் யோசனை சொன்னது. இடது காலை முதலில் எடுக்கச் சொன்னது ஒரு கட்சி. கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொன்னது இன்னொரு கட்சி. "தாத்தாவ மேல அனுப்பணும்னா லிஃப்ட் வை டேனி, நீதான லிஃப்ட்காரன்" என்றார் எதிர்வீட்டு மேரியக்கா. நான் எந்தக் கேலியைக் கேட்கக் கூடாது என்று இரண்டு மாதம் பாடுபட்டேனோ அதைக் கேட்டுக்கொண்டு, என் மாமனாரின் முழு எடையையும் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். அதே மேரியக்காதான் மாமாவுக்கு டீ போட்டு நீட்டினார். மாமா ஏழாவது படியில் உட்கார்ந்தபடி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்தார். கீழே நின்றவர்களின் சொந்த ஊரெல்லாம் விசாரித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிப் படிகளை ஒரே மூச்சில் ஏறினார்.

உள்ளே போனதும் அத்தை சுவரைத் தொட்டுப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார். கொடியில் அருகருகே காய்ந்த என் பனியனையும் ஜெபாவின் துப்பட்டாவையும் பார்த்தார். அடுப்பு மேடையில் ஜெபா எழுதி வைத்திருந்த மளிகைச் சீட்டை எடுத்துப் படித்தார். அதில் என் கையெழுத்தில், 'முறுக்கு வேண்டாம், நீதான் சாப்பிடுகிறாய்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஜெபா, 'வாங்கி வரவும்' என்று எழுதியிருந்தாள்.

"அத்தை" என்றேன். "பெயிண்ட் எல்லாம் ஒண்ணுமில்ல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் மாப்ள. எத்தனையோ வருஷம் கவுண்டர்ல உக்காந்தவ. பாட்டி சாவுக்குப் போணும்னு சொல்லி டிக்கெட் கேக்கிறவன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டா நீங்க டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருவீங்க. எனக்கு எம் பிள்ளயப் பாக்கணும்லா." அதுவரை சாதாரணமாகப் பேசியவருக்கு அங்கே குரல் உடைந்தது. "வீட்டக் காட்ட மாட்டேங்காரு. ஹோட்டல்ல வச்சுப் பேசி அனுப்பிரலாம்னு பாக்காரு. அப்ப வீட்ல என்ன இருக்கு? அடிக்காரா, குடிக்காரா, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்களா இல்லியா? ரெண்டு மாசமா இதையே நெனச்சிட்டுக் கெடந்தேன். தாராவின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நிம்மதியா உறங்கிருப்பேன் மாப்ள."

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. என் மானத்தைப் பற்றி மட்டுமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு தாய் என்ன நினைத்துக்கொள்வாள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஜெபா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்தேன்.

"அவரு குடிக்க மாட்டாரும்மா" என்றாள் ஜெபா, அழுகைக்கு நடுவே. "மத்தபடி கொஞ்சம் லூசு. அவ்வளவுதான்."

அத்தை சிரித்துவிட்டார். மாமா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து, கீழே மேரியக்காவோடு பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

மும்பை சுற்றிக் காட்டுவதாக நான் போட்டிருந்த திட்டத்தில் கேட்வே உண்டு, மெரீன் டிரைவ் உண்டு, மாட்டுங்காவில் சாப்பாடு உண்டு. சாயங்காலம் கிளம்பலாமா என்று மாமாவைக் கேட்டேன். அவர் ஏணி இருக்கும் திசையைப் பார்த்தார்.

"மாப்ள, நான் ஏறுனது ஏறுனதுதான். இனி எறங்குறது ஒரே ஒரு தடவ. அது நாளைக்கு ஊருக்குப் போறப்ப."

சொன்னபடி செய்தார். ஒன்றரை நாள் அந்த ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை. பட்டறையில் பெல்ட்டுக்கு ஓட்டை போடுவதை வேடிக்கை பார்த்தார். காய்கறி வண்டிக்காரரிடம் மேலிருந்தே பேரம் பேசினார், கூடையைக் கயிற்றில் இறக்கினார். யாருக்கு யார் பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தின் மொத்த வரலாற்றையும் தெரிந்துகொண்டார். நான் இருபத்தெட்டு வருஷம் அங்கே வாழ்ந்தும் எனக்குத் தெரியாத விஷயங்கள். அத்தையும் ஜெபாவும் ஞாயிறு காலை எங்கள் தமிழ்ச் சபைக்குப் போய்விட்டு, வரும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி படுக்க அவர்களுக்கு அறை சரியாக இருந்தது. நான் கீழே பட்டறையில், தோல் வாசத்தில், நன்றாகத் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு வந்த தூக்கம்.

ஞாயிறு மாலை திரும்புகிற டிக்கெட்டை அத்தையே கையில் வாங்கி வைத்துக்கொண்டார். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "இது பழைய ஏர்போர்ட்டு" என்றார். நான் தலையாட்டினேன். மாமா பின்பக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். கண்ணை மூடச் சொன்ன கட்சி கீழே நின்று கை தட்டியது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போவதென்றாலும் டிக்கெட் போடுவது அத்தைதான். என் கம்பெனி என்னைப் புனேவுக்கு அனுப்பினாலும் அது பாளையங்கோட்டையில் ஒரு தடவை சரிபார்க்கப்படுகிறது. அவர்கள் இங்கே வரும்போது அழைத்துப்போக என்னை வரவேண்டாம் என்கிறார்கள். தாங்களாகவே வந்து, தாங்களாகவே ஏறிக்கொள்கிறார்கள். நான் வேலையிலிருந்து வரும்போது மாமா ஜன்னலில் இருந்து, "வாங்க மாப்ள" என்கிறார்.

ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போனால் புதிதாக யாராவது, "மாப்ளைக்கு பம்பாய்ல எங்க வீடு?" என்று கேட்பார்கள். "தாராவி" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் மயங்கி விழுந்ததில்லை. ஒருவர் மட்டும் தன் மச்சினனும் அங்கேதான் இருக்கிறான் என்று சொல்லி, கூட ஒரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். ஆனால் பேச்சு அதோடு முடியாது. பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும் என் மாமனார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"வீட்ட விடுங்க. எந்த ஏர்போர்ட்டுன்னு கேளுங்க."